ஆதிரா நின்ற இடங்கள்

சாந்தாமணி நின்றுபோன வண்டியின் சாவியை மூன்றாவது தடவை திருகுவதற்குள் வேலாத்தாள் ஒரு கையில் தேங்காயும் மறுகையில் தூக்கிப் பிடித்த சேலையுமாகச் சோளக்காட்டை மிதித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் இரண்டு மருமகள்களும், மருமகள்களுக்குப் பின்னால் பால் கறந்த ஈரக்கையோடு அவள் மகனும் வந்தார்கள், கடைசியாகக் கட்டவிழ்ந்த கன்றுக்குட்டியும் வந்தது.

"எங்க காட்டுலதான் நின்னுருக்குது, எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க! முன்சக்கரம் ரெண்டும் வரப்பத் தாண்டி உள்ள இருக்குது!" என்று வேலாத்தாள் கரட்டுப்பாளையம் முழுவதற்கும் கேட்கும்படி கத்தினாள்.

"பின்சக்கரம் வண்டித்தடத்துல இருக்குதுங் அம்மிணி" என்றார், மொபெட்டில் பின்தொடர்ந்து வந்திருந்த ராக்கியப்பன்.

"பின்சக்கரத்துலயா எஞ்சின் இருக்குது? எஞ்சின் எங்க நிக்குதோ அங்கதான் தண்ணி. நீங்களே சொன்னதுதானுங்க."

தேங்காய் உடைந்தது, சரிபாதியாக உடைந்தது என்று ஒரு கூச்சல் எழுந்தது, ஆள்விட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிக்காரர் நாச்சிமுத்துவை அழைத்துவரச் சொன்னார்கள், எந்தத் திசையில் லாரியைத் திருப்பி நிறுத்துவது என்று மகனும் மருமகள்களும் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள், யாரோ சர்க்கரை கொண்டுவந்து எல்லார் உள்ளங்கையிலும் போட்டார்கள், சாந்தாமணியின் கையிலும் போட்டார்கள். நடு இருக்கையில் சாய்ந்து படுத்திருந்த அவள் கணவர் பொங்கியண்ணன் மணி கேட்டார். ஆறரை என்றாள். பிறகு ஏழு என்றாள். ஏழரைக்கு ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அவரை ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் சேர்த்தாக வேண்டும் என்பது அந்தக் காட்டில் நின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஆனால் ஒன்பதே கால் வரை அது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அது வண்டி நின்ற ஒன்பதாவது தடவை.

ஆதிரா என்பது ஏழு பேர் உட்காரக்கூடிய வெள்ளை நிறக் குடும்ப வண்டி. பொங்கியண்ணனின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட வருஷத்தில், செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் பஸ்ஸில் அவரைக் கூட்டிப்போக முடியாது என்று தெரிந்த பிறகு, கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கட்டும் என்று சாந்தாமணி வாங்கினாள், நாற்பத்தாறு வயதில் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். ஐந்தாவது வாரம் நாச்சிமுத்துவின் கருவேலங்காட்டு ஓரம் வண்டி முதல்முதலாக நின்றது. கிரேன் வந்து முள்செடிகளை நசுக்கிக்கொண்டு அதைத் தூக்கிப்போனது. சர்வீஸ் சென்டரில் ஜெரால்டு என்ற மரியாதையான ஆள், டீசல் பம்பை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், வண்டிக்கு மூளை மாதிரி இருக்கிற ஒரு பெட்டியைப் புனேயிலிருந்து வரவழைத்து அதையும் மாற்றினார். வண்டி அசையவில்லை. பதினோராவது நாள் சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"மேடம், நாங்க யாரும் தொடலை. சத்தியமாத் தொடலை. நாலு பத்துக்குத் தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஏசிகூட ஓடுது."

அதே நாள் அதே நாலு பத்துக்கு, தொள்ளாயிரம் அடி ஓட்டியும் வெறும் புகையாகப் பாறைத்தூள் பறந்ததில் வெறுத்துப்போய், கிரேன் நசுக்கி வைத்த இடம் மட்டம் என்பதற்காகவே ரிக்கை அங்கே நகர்த்தியிருந்த நாச்சிமுத்துவுக்கு, நூற்றெண்பதாவது அடியில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்து புளியமரத்துக்கு மேலே எழும்பியது. இரண்டாவது தடவையும் அப்படித்தான் ஆயிற்று, மூன்றாவது தடவையும் அப்படித்தான் ஆயிற்று: வண்டி நின்றது, நின்ற இடத்தில் யாரோ எதற்கோ துளை போட்டார்கள், தண்ணீர் மேலே வந்த நிமிஷத்தில் எங்கோ கூரையடியில் கிடந்த வண்டி தானாக உறுமியது.

அதைக் கண்டுபிடித்தவர் ராக்கியப்பன். முப்பது வருஷமாக வேப்பங்கவட்டையைக் கையில் பிடித்து நடந்து, அது எங்கே துடிக்கிறதோ அங்கே நீரோட்டம் என்று சொல்லிவந்தவர். ஒருநாள் காலை சாந்தாமணியின் வாசலுக்கு வந்து நின்றார்.

"மூணு எடத்துலயும் தண்ணி இல்லைன்னு நான் சொன்னேனுங். மூணு எடத்துலயும் உங்க வண்டி இருக்குதுன்னு சொல்லிருச்சு" என்றார். வேப்பங்கவட்டையை வண்டியின் பானெட்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மறுநாளிலிருந்து, அந்த வண்டி வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் இருபதடி இடைவெளியில் அவருடைய மொபெட்டும் கிளம்பியது.

கரட்டுப்பாளையத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த ஊரிலிருந்து போன ரிக் லாரிகள் ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் கடல் தாண்டி ஆப்பிரிக்காவிலும் துளை போட்டுத் தண்ணீர் காட்டியிருந்தன, சொந்த ஊரில் மட்டும் பாறையும் புகையும்தான் வந்தது, அதனால் தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் அது தாமதமாக வந்தது என்பதுதான் அவர்களுடைய ஒரே குறை. சாப்பிட்டாச்சா என்று கேட்டவர்கள் நின்னுச்சா என்று கேட்க ஆரம்பித்தார்கள். வண்டி வேகம் குறையட்டும் என்று ஒருவர் தன் காட்டுக்கு முன்னால் மண்ணைக் குவித்து மேடு போட்டார். இன்னொருவர் ஏழு பானை தண்ணீரை வரப்போரம் புதைத்து வைத்தார், வண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. பெண் கொடுக்க வந்தவர்கள் வீட்டைப் பார்த்தார்கள், மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு தாழ்ந்த குரலில், உங்க காட்டுல ஆதிரா நின்னுருக்குதுங்களா என்று கேட்டார்கள். நின்ற இடத்தில் அது மறுபடி நிற்காது, அடுத்து எங்கே நிற்கும் என்றும் சொல்லாது, அதனால் செவ்வாய், வியாழன், சனி மூன்று விடியற்காலைகளிலும் ஊரே தன் தன் வரப்பில் வந்து நின்று, வெள்ளை வண்டி கிட்டே வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாண்டிப் போனதும் அடுத்த காட்டுக்காரனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

ஆதிரா வைத்திருப்பவர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருந்தது, அதில் சாந்தாமணி இதையெல்லாம் எழுதினாள். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் உடனே பதில் போட்டார்: தன் வண்டி ஷோரூம் வாசலிலேயே நின்றுவிட்டது, மண்வெட்டியால் நாலடி தோண்டியதும் கிளம்பியது, பத்தடி போய் மறுபடி நின்றது, மூன்று மாதமாகத் தோண்டித் தோண்டி இப்போதுதான் தன் தெருமுனைக்கு வந்திருக்கிறார். சென்னைக்காரர் வண்டி ஏரியைத் தூர்த்துக் கட்டிய குடியிருப்புக்குள் நின்றது, அங்கே துளை போட அனுமதி இல்லை, வண்டிமேல் இப்போது அவரைக்கொடி ஏறியிருக்கிறது என்று படம் அனுப்பினார். முதுகுளத்தூர்க்காரர் மட்டும், அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், ஒரு பழுது இல்லை, அருமையான வண்டி என்று எழுதினார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, வேலாத்தாள் காட்டில் வண்டி நின்ற அந்த வியாழக்கிழமை வரை. ஒன்பதே காலுக்கு யாரோ ஒரு காரைக் கொண்டுவந்து அவர்கள் ஈரோடு போய்ச் சேர்ந்தபோது பொங்கியண்ணனின் இயந்திரத்தில் வேறொருவர் படுத்திருந்தார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாளை வருவதற்குள் சாயங்காலம் அவருக்கு மூச்சு ஏறி இறங்க ஆரம்பித்தது, உடம்பில் சேர்ந்த நீர் நெஞ்சுக்குள் நிறைந்துவிட்டது என்றார்கள், ஊரெல்லாம் வேலாத்தாள் காட்டுத் தண்ணீரில் நனைந்து ஆடிக்கொண்டிருந்த மறுநாள் முழுக்க அவர் மூக்கில் குழாயோடு கண்ணைத் திறக்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் பிழைத்தார். நாலாம் நாள் சாந்தாமணி ஜெரால்டுக்குப் போன் செய்தாள், கம்பெனி ஆறு மாதமாக நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்: இந்த வண்டியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், பழுதே வராத வேறு வண்டி ஒன்று தருவார்கள், வெள்ளிக்கிழமை லாரி வரும்.

வெள்ளிக்கிழமை லாரி வருவதற்கு முன் ஊர் வந்தது. வாசலில் நின்றார்கள். நாச்சிமுத்துதான் பேச்சை ஆரம்பித்தார்.

"இன்னும் பன்னண்டு காடு பாக்கி இருக்குதுங்க்கா."

"இருக்கட்டும்" என்றாள் சாந்தாமணி. "உங்களுக்கெல்லாம் அது நின்னாத் தண்ணி. எனக்கு அது நின்னா அவரு நின்னுருவாரு."

வேலாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒரு வாரமாக அவள் தன் காட்டுத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று அவள் மருமகள்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என்ர மேலதான் சாந்தா. தேங்காய் எப்படி உடைஞ்சுதுன்னு பாத்தேன், உள்ள ஒரு மனுசன் கெடக்கறதப் பாக்கல. இனிமே வண்டி எவன் காட்டுல நிக்குதோ அவன்தான் அண்ணனக் கொண்டுபோய்ச் சேக்கோணும். தேங்காய் அப்புறம், ரிக்கு அப்புறம், தண்ணி அப்புறம். கல்யாண வீடா இருந்தாலும் எழவு வீடா இருந்தாலும் அவன்தான்."

"மாட்டேன்னு சொல்றவன் காட்டுல எந்த ரிக்கும் எறங்காது" என்றார் நாச்சிமுத்து.

"ஏழரைக்கு அங்க இருக்கோணும்" என்றாள் சாந்தாமணி.

"ஏழேகாலுக்கே இருப்பாரு."

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். பொங்கியண்ணனும் ஒரு காலத்தில் ரிக் ஓட்டியவர், பன்னிரண்டு காடு பாக்கி என்ற சொல் அவர் முகத்தில் என்னவோ செய்திருந்தது. மெல்லத் தலையாட்டினார். கம்பெனி லாரி வெறுமனே திரும்பிப் போகக் கூடாது என்று அதில் நாலு மூட்டை மக்காச்சோளம் ஏற்றி அனுப்பினார்கள்.

பிறகு வந்ததுதான் அந்த ஊரின் நல்ல காலம். யார் காட்டில் நிற்கும் என்று தெரியாததால் எல்லாரும் தங்கள் வண்டியைக் கழுவி, டீசல் ஊற்றி, மெத்தை விரித்து, விடிவதற்குள் வரப்போரம் முகம் ஈரோட்டைப் பார்க்க நிறுத்திவைத்தார்கள். பொங்கியண்ணன் பால் வேனில் போனார், டிராக்டரில் கட்டில் கட்டிப் போனார், பூ அலங்காரம் கலையாத கல்யாணக் காரில் மாப்பிள்ளையே ஓட்ட மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார், ஒருமுறை பள்ளிக்கூட வேனில் பதினாலு பிள்ளைகள் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லப் போனார். இன்னைக்கு எதுலங்கய்யா வந்தீங்க என்று கேட்பதற்காகவே நர்ஸ்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். நோய் வந்ததிலிருந்து பேசாமலே இருந்த மனிதர், வீட்டுக்குத் திரும்பும்போது, இன்னைக்கு வந்தது கருங்கல்லு தண்ணி, கொஞ்சம் சவர் அடிக்கும், பருத்திக்கு ஆகும் என்றெல்லாம் பேச ஆரம்பித்தார். ஒரு நாள்கூட ஏழரை தாண்டவில்லை. பதினொரு காட்டில் தண்ணீர் வந்தது. பன்னிரண்டாவது காட்டின் பெயரை யாரும் எடுப்பதில்லை.

அது சென்னியப்பனின் காடு. பொங்கியண்ணனின் உடன்பிறந்த தம்பி. பதினாலு வருஷத்துக்கு முன், தம்பியின் தென்னந்தோப்பு வாட ஆரம்பித்தபோது, அண்ணன்தான் தன் ரிக்கைக் கொண்டுவந்து, நான் எடுத்துத் தர்றேன்டா என்று சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு குழி போட்டார். ஏழும் புகை. இருநூறு மரமும் தலை சாய்ந்தன. ஏழாவது குழியை மூடிய அன்று சென்னியப்பன் எல்லார் முன்னாலும், இனி உன்ர கால் என்ர மண்ணுல படக் கூடாது என்றார். படவில்லை. பங்காளி வீட்டு விசேஷங்களில்கூட ஒருவர் போய்விட்டு வந்த பிறகுதான் மற்றவர் போனார். பொங்கியண்ணன் ரிக்கை விற்றுவிட்டார். சாந்தாமணி ஈரோட்டுக்கு எப்போதும் வடக்குத் தார்ச்சாலையில்தான் ஓட்டினாள், தெற்கே தம்பி காட்டு வழியாகக் குறுக்கே போகும் தடம் ஒன்று இருந்தும் அதில் அவள் போனதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை தார்ச்சாலையை வெட்டிப்போட்டிருந்தார்கள், புதுத் தண்ணீருக்குக் குழாய் பதிக்க. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுவதால் செவ்வாய்க்கிழமைகளில் பொங்கியண்ணனுக்கு முகம் ஊதி, மூச்சு பாதியிலேயே நின்று நின்று வரும், அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. வேறு வழி இல்லாமல் அவள் தெற்குத் தடத்தில் வண்டியைத் திருப்பினாள். நின்றுவிடாதே என்று மனதுக்குள் சொன்னாள், இங்கே மட்டும் நின்றுவிடாதே, வேறெங்கே வேண்டுமானாலும் நில்லு. மொட்டைத் தென்னைகள் நின்ற காட்டுக்கு நேராக வந்ததும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கித் தானாகத் தடத்தைவிட்டு இறங்கி, இரண்டு மரங்களுக்கு நடுவில் புகுந்து, அமைதியானது.

"இங்க வேண்டாம் சாந்தா" என்றார் பொங்கியண்ணன். "தள்ளச் சொல்லு. அக்கட்டாலத் தள்ளச் சொல்லு."

ராக்கியப்பன் மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார், குழாய்ப் பள்ளத்தில் நின்ற ஆட்கள் வந்தார்கள், வேலாத்தாளும் மகனும் வந்தார்கள், இருபது பேர் தோள் கொடுத்தார்கள். ஊன்றிவைத்த கல் மாதிரி வண்டி நின்றது. அப்போது தீவன வாளியோடு சென்னியப்பன் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். எல்லாரும் தோளை எடுத்துக்கொண்டார்கள்.

"தம்பி, நாங்களா வரலீங்க" என்றாள் சாந்தாமணி.

"தெரியுதுங் அண்ணி."

"சென்னியப்பா, தேங்காய் வெச்சிருக்கறயா, நான் கொண்டாரட்டுமா?" என்றாள் வேலாத்தாள்.

"எதுக்கு? தண்ணி வர்றதுக்கா?" அவர் மொட்டை மரங்களைக் கைகாட்டினார். "ஏழு குழி போட்டுப் பாத்தாச்சு. உள்ள படுத்துருக்கற பெரியவரக் கேளுங்க, சொல்லுவாரு."

வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது.

"ஏழாவதுல பாறை மாறுச்சு சென்னி. தூள் செவப்பா வந்துச்சு. இன்னும் ஓட்டியிருக்கோணும். உன்ர மரம் காயறதப் பாத்துட்டு, இதுவும் இல்லைன்னு போச்சுன்னா உன்ர மொகத்துல எப்படி முழிக்கறதுன்னு, நாந்தான் குழிக்குள்ள இருந்து ராடைத் தூக்கச் சொன்னேன். நாந்தான் பயந்துட்டேன்."

சென்னியப்பன் வாளியைக் கீழே வைத்தார். திரும்பிக் கொட்டகைப் பக்கமாக நடந்தார்.

அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் குனிந்திருந்த ராக்கியப்பன், "ஐயோ, ஏனுங், இங்க வாங்க, எல்லாரும் வாங்க!" என்று அலறினார். முன்சக்கரத்தை ஒட்டி, மண்ணும் ஓலையும் மூடிக் கிடந்த ஒரு பலகைக்கல் தெரிந்தது. ஏழாவது குழியின் மூடி. நாலு பேர் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள், ராக்கியப்பன் ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கண்ணை மூடிக் குழிக்குள் விட்டார். எல்லாரும் மண்டியிட்டுக் காதைத் தரையில் வைத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ராக்கியப்பன் விரல் மடக்கினார். நாலாவது விரல் மடங்குவதற்குள் ஆழத்திலிருந்து, வாய் நிறைய வெற்றிலைச் சாறு வைத்திருக்கிறவர் சிரிக்கிற மாதிரி, ஒரு சத்தம் வந்தது.

"தண்ணி!"

"யாரும் தொளைக்காம தானா ஏறி வந்திருக்குது!"

"இன்னொரு கல்லப் போடு, இன்னொரு கல்லப் போடு!"

வேலாத்தாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு சிரித்தாள், ஆட்கள் மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்து ஆடினார்கள், கல்மேல் கல்லாகக் குழிக்குள் விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் ஆரவாரம் எழுந்தது, தடத்தின் இரு முனையிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். சாந்தாமணி மணி பார்த்தாள். ஆறு ஐம்பது. வண்டியை யாரும் பார்க்கவில்லை. அவள் வாயைத் திறந்து கத்தப் போனபோது, கொட்டகைக்குப் பின்னாலிருந்து கோழித்தீவன மூட்டைகளோடு ஒரு குட்டியானை லாரி பின்னோக்கி வந்து வண்டிக் கதவருகே உரசுகிற மாதிரி நின்றது. சென்னியப்பன் இறங்கினார். அண்ணனை இரண்டு கைகளாலும் அள்ளித் தூக்கினார், முன் இருக்கையில் உட்கார வைத்தார்.

"அண்ணி, பின்னால ஏறிக்குங்க" என்றார்.

அவள் ஆஸ்பத்திரிப் பையோடு மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே ஓட்டுநர் அறையின் கண்ணாடி இருந்தது. குழியருகே இன்னொரு கூச்சல் வானத்துக்கு எழுந்தது, "சென்னியப்பா, வந்து கேளு, உன்ர காட்டுத் தண்ணியக் கேளு!" என்று யாரோ அழைத்தார்கள். சென்னியப்பன் திரும்பவில்லை. அவர் இருக்கைப் பட்டையை இழுத்து அண்ணனின் மார்பின் குறுக்காகக் கொண்டுவந்து, ஊசி ஏறி ஏறி முண்டு முண்டாகப் புடைத்திருந்த இடது கையருகே வந்ததும் நிறுத்தினார், தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து அந்தக் கைக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்தார், பிறகு பட்டையை மாட்டினார்.